உஷார்! கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு: புத்தளம் கரையோரக் கிணறுகளுக்கு ஓர் அவசர எச்சரிக்கை

கைக்குழந்தை உள்ள வீட்டுக்காரர்கள் முதலில் இதைக் கேளுங்கள். நீங்கள் கற்பிட்டிக் குடாநாட்டில், தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கிறீர்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைத்துக் குழந்தைக்குப் புகட்டுகிறீர்கள் என்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் வரை அதை நிறுத்துங்கள். ‘நல்லாக் கொதிக்க வச்சித்தானே குடுக்கிறோம்’ என்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் தண்ணீரில் கலக்கும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரீன் போட்டாலும் போகாது. வீட்டில் வைத்திருக்கும் சாதாரண வடிகட்டியாலும் போகாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

‘எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி’ என்று சொல்லாத தோட்டக்காரர் கற்பிட்டியில் இல்லை. அவர் சொல்வது பொய்யல்ல. மணலில் ஊறி வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தெளிவை நம்பி யாரும் இருந்துவிடக் கூடாது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாத ஒன்றாக ஆக்கிவிடும். குழந்தையின் உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கும். மருத்துவர்கள் இதை ‘நீலக் குழந்தை’ நோய் என்கிறார்கள். அப்படியொரு நீலத்தைக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்தக் கிணற்றுத் தண்ணீர் கொடுத்தீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. தாய் குடிக்கும் தண்ணீரிலுள்ள நைத்திரேற்று, குழந்தையைப் பாதிக்கும் அளவுக்குப் பாலில் சேர்வதில்லை. ஆபத்து புட்டிப்பாலில், அதைக் கரைக்கும் தண்ணீரில் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, ஒரு லிற்றர் குடிநீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்று. கற்பிட்டித் தோட்டக் கிணறுகள் பல இந்த எல்லையைத் தாண்டிவிட்டன என்பதை ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே சொல்லி வருகிறார்கள். நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம். இருந்தும், ஏத்தாளையிலோ ஆலங்குடாவிலோ ஒரு கர்ப்பிணித் தாயிடம் அவர் வீட்டுக் கிணற்றின் நைத்திரேற்று அளவு என்ன என்று கேட்டால் எண் சொல்ல மாட்டார். அவருக்கு யாரும் சொன்னதில்லை. என்னை நடுங்க வைப்பது இதுதான்.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு நைத்திரேற்று? கற்பிட்டி என்பது ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறு பக்கம் புத்தளம் களப்பு, நடுவே மணல் என்று நீண்டு கிடக்கும் நிலம். சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, பீற்றூட், புகையிலை என்று வருடம் முழுக்க அதில் ஏதாவது ஒன்று விளைகிறது. அந்தக் குடும்பங்களின் உழைப்புக்கு நான் தலை வணங்குகிறேன். மணலைப் பொன்னாக்கியவர்கள் அவர்கள். ஆனால் மணலுக்கு எதையும் பிடித்து வைக்கத் தெரியாது. களிமண் நிலத்தில் உரம் ஓரளவுக்காவது தங்கும். மணலில் காலையில் போட்ட யூரியா, தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச வேரைக் கடந்து கீழே இறங்கிவிடும். பயிர் வாடுகிறதே என்று இன்னும் உரம் போடுகிறோம், இன்னும் தண்ணீர் விடுகிறோம். அதே கிணற்றிலிருந்து இறைத்து அதே நிலத்துக்கு விடுவதால், இறங்கிய உரம் சுற்றிச் சுற்றிக் கிணற்றுக்கே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடையில் 46 வீதம் நைதரசன். அதாவது 23 கிலோ. அதில் பாதியைப் பயிர் எடுத்துக்கொண்டு, மீதிப் பாதி நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரில் கலந்தது என்று வைப்போம். பதினொன்றரை கிலோ நைதரசன், 51 கிலோ நைத்திரேற்று. சுத்தமான பத்து இலட்சம் லிற்றர் தண்ணீரை 50 மில்லிகிராம் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த அது போதும். அரை மூடை உரம், பத்து இலட்சம் லிற்றர் தண்ணீர். ஒரு போகத்துக்கு ஓர் ஏக்கருக்கு எத்தனை மூடை போடுகிறோம் என்பது தோட்டக்காரருக்கே தெரியும்.

உரம் மட்டுமல்ல, மலக்குழியும் நைத்திரேற்றைத் தரும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகப் புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் வந்து சேர்ந்தார்கள். உடுத்த உடையோடு வந்தவர்களுக்கு இந்த ஊர் தன் கிணற்றைப் பகிர்ந்து கொடுத்தது. முகாம்களில் கொட்டில்கள் நெருங்கிக் கிடந்தன; கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே வந்தன. அந்த மக்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் முகாம் ஊராகி, ஊர் நெருங்கிய குடியிருப்பாகி முப்பது வருடங்கள் கடந்த பிறகும் கழிவுநீர்க் குழாய் வரவில்லையே, அந்தக் குறை அரசாங்கங்களுடையது. மணலுக்குள் இறங்கும் குழி ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டுக் கிணற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதை இன்றைக்கும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது ஆபத்து கடல். அது அலையடிக்கும் கரையில் நிற்கவில்லை. உங்கள் கிணற்றுக்குக் கீழேயே இருக்கிறது.

மழைத் தண்ணீர் இலேசானது, கடல் நீர் கனமானது. மணலுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர், அடியில் ஊடுருவியிருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கும். ஒல்லாந்தைச் சேர்ந்த பாடன் கைபன் 1880களின் இறுதியிலும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பேர்க் 1901இலும் இதற்கு ஒரு கணக்குக் கண்டார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே நாற்பது அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. அதையே திருப்பிப் படியுங்கள். பம்பி போட்டு இறைத்து நீர்மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி இறக்கினால், கீழே உப்பு நாற்பது அடி மேலே ஏறி வரும். கிணற்றில் குறைவது ஓர் அடிதான். கண்ணுக்குப் படாமல் இழப்பது நாற்பது.

கயிறும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் கிணற்றுக்கு மூச்சுவிட நேரம் இருந்தது. இன்று ஒரு பம்பி, பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு பம்பி, தூவல் பாசனத்துக்குக் காலை, மாலை என்று ஓட்டம். ஓரிடத்தில் வேகமாக உறிஞ்சினால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பாக எழும்பும். பம்பியின் வாய்க்கு அது எட்டிய அன்று கிணறு உவர்க்கும். நூறு பங்கு நல்ல தண்ணீரில் இரண்டு பங்கு கடல் நீர் கலந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். பிறகு செய்வது என்ன? ‘இன்னும் ஆழமாக வெட்டு’ என்பார்கள். இந்தக் கரையில் அதைவிடத் தவறான யோசனை வேறில்லை. ஆழமாகப் போகப் போக உப்புக்கே கிட்டப் போகிறோம்.

மழை எப்போதாவது வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. புத்தளம் உலர் வலயத்தில் இருக்கிறது. மழை பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரைக்குமான சில வாரங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் நாம் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு செய்கிறோம். முதல் மழை வேறொன்றும் செய்யும். கோடை முழுக்க மேல்மண்ணில் தேங்கிய உரத்தை ஒரேயடியாகக் கீழே கழுவி இறக்கும். ஆகவே மழை தொடங்கிய பின் வரும் வாரங்களில்தான் கிணற்றை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

களப்பைத் தாண்டி வடக்கே போனால் கதை வேறு. வண்ணாத்திவில்லு, எலுவன்குளம், அறுவக்காடு வரைக்கும், அதற்கப்பால் மன்னார், யாழ்ப்பாணம் வரைக்கும், மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் படுத்திருக்கிறது. மயோசீன் காலத்தில், ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடியில் சிப்பியும் பவளமும் படிந்து இறுகிய கல். வண்ணாத்திவில்லுப் பகுதியில் இந்தக் கல்லின் ஆழத்தில் அடைபட்டிருக்கும் தண்ணீர், இலங்கையின் மிக முக்கியமான ஆழ்நிலத்தடி நீர்த்தேக்கங்களில் ஒன்று. அறுபது மீற்றருக்கும் ஆழத்தில் இருக்கிறது. உலர் வலயத்து மக்களுக்கு இறைவன் கொடுத்த கொடை என்றே அதைச் சொல்வேன்.

அந்தக் கல்லின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அதன் மேல் எதையும் செய்யக் கூடாது. மழைத் தண்ணீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளை ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கரைத்து அகலமாக்குகிறது. வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே கறையான் அரித்த உத்திரம் போல துளையும் பொந்தும் குகையுமாக இருக்கும். மணலில் தண்ணீர் ஊர்ந்து போகும். இந்தப் பொந்துகளில் ஓடும். சில இடங்களில் ஒரே நாளில் கிலோமீற்றர் கணக்கில் ஓடும். போகும் வழியில் கிருமியையோ எண்ணெயையோ தடுத்து நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை. கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி மலக்குழி வெட்டினால் போதும் என்ற வழக்கம் சுண்ணாம்புக்கல்லில் எடுபடாது. ஐந்நூறு அடி தள்ளியிருந்தாலும், இரண்டையும் ஒரே வெடிப்பு இணைத்தால் முடிந்தது.

கெட்டிலில் வெள்ளையாகக் கல் படிகிறதே என்று இப்பகுதி மக்கள் கவலைப்படுகிறார்கள். அந்தச் சுண்ணாம்புப் படிவு பாத்திரத்துக்குத் தொல்லை, சவர்க்காரம் நுரைக்காது. ஆனால் நான் பயப்படுவது அதற்கு அல்ல. கண்ணுக்குத் தெரியும் சுண்ணாம்பைப் பார்த்துக் கவலைப்படும் அளவில் பாதியாவது, கண்ணுக்குத் தெரியாத நைத்திரேற்றையும் மலக்கிருமியையும் பற்றிக் கவலைப்பட்டால் நல்லது.

சுண்ணாம்புக்கல்லை நம்பி ஏமாந்த ஊர்களின் அனுபவத்தை எடுத்துப் பாருங்கள். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் வோக்கர்ற்றன் என்ற சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழை. பக்கத்துப் பண்ணை நிலத்தில் போட்டிருந்த மாட்டுச் சாணத்திலிருந்து கிருமி, வெடிப்பு விழுந்த சுண்ணாம்புப் பாறை வழியாக ஊரின் குடிநீர்க் கிணற்றுக்குள் இறங்கியது. குளோரீன் போதிய அளவு கலக்கவில்லை. ஏறத்தாழ 2,300 பேர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பிறகு சாயம் கலந்து விட்டுப் பார்த்தபோது, கணினிக் கணக்கு சொன்னதைவிடப் பன்மடங்கு வேகத்தில் பாறைக்குள் நீர் ஓடுவது தெரிந்தது. பணமும் ஆய்வுகூடமும் பொறியியலாளரும் உள்ள நாட்டுக்கு நேர்ந்தது இது.

நம் நாட்டில் சுன்னாகம். யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருந்த மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. வாளியை இறக்கித் தூக்கினால் எண்ணெய் மணம். மக்கள் வீதிக்கு இறங்கினார்கள், பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அந்தத் தனியார் மின் நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்ததே, அதற்காக நிம்மதி. ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்குள் போன எண்ணெயைத் தீர்ப்பு எழுதி வெளியே எடுக்க முடியாது.

கீரிமலைக் கேணியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலுக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புக்கல்லிலிருந்து நன்னீர் ஊறி வரும். உள்நாட்டில் விழுந்த மழை, கண்ணுக்குத் தெரியாமல் கல்லுக்குள் நடந்து வந்து அங்கே வெளிப்படுகிறது. மேலே யாரோ கொட்டியதையும் அதே கல் அதே வழியாகக் கொண்டுவந்து சேர்க்கும் என்பதே இதன் மறுபக்கம்.

ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவும் சுண்ணாம்புக்கல் ஊற்றுகளின் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து 1873இல் ஒரு குழாய்வழி, 1910இல் இன்னொன்று. அந்தத் தண்ணீரைக் காக்க வியன்னா என்ன செய்தது? ஊற்றுக்கு மேலே உள்ள மலைக் காடுகளை நகரசபை தன் கைக்குள் கொண்டுவந்து, தண்ணீருக்காகவே அவற்றைப் பராமரித்து வருகிறது. ஊற்றின் வாயில் வடிகட்டி வைப்பதோடு நிற்கவில்லை. மழை விழும் இடத்தையே காக்கிறது. சுண்ணாம்புக்கல் நீரைக் காப்பதற்கு வேறு வழி கிடையாது.

இப்போது அறுவக்காட்டுக்கு வருவோம்.

பாலாவிச் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படும் இடம் அது. கல்லுக்கு மேலே ஒரு சிவப்பு மண் படை இருக்கிறது. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கும் முன் அதற்குக் கிடைத்த ஒரே வடிகட்டி அந்தச் சிவப்பு மண்தான். கல் அகழும்போது முதலில் வழித்து எடுப்பது அதைத்தான். பிறகு வெடி வைத்துக் கல்லை உடைக்கிறார்கள். மிஞ்சுவது, மூடியில்லாத சுண்ணாம்புக் குழி. வடக்கே கலா ஓயா கடலில் சேரும் முகத்துவாரம், கண்டல் காடு, வில்பத்துத் தேசியப் பூங்கா, மேற்கே களப்பு, பக்கத்தில் கங்கேவாடி மீனவர்கள்.

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகு கொழும்பின் குப்பையை எங்கே போடுவது என்ற கேள்விக்கு அரசாங்கம் கையில் எடுத்த விடை அறுவக்காடு. களனியிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் ரயிலில், நாளொன்றுக்கு 1,200 தொன் குப்பையைக் கொண்டுவருவது திட்டம். புத்தளம் கொதித்து எழுந்தது. 2018இல் தொடங்கிய ‘கிளீன் புத்தளம்’ சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தது. முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், கோவில் என்று எல்லோரும் ஒரே பந்தலில் அமர்ந்தார்கள். கொழும்பு வரை போய்க் குரல் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 2019 ஆகஸ்டில் முதல் குப்பை அங்கே வந்து இறங்கியது. ஒக்ரோபரில் அந்த வளாகத்தில் ஒரு வெடிச் சம்பவமும் நிகழ்ந்தது.

குப்பைக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டிருக்கிறோம், கசியாது என்றார்கள் திட்டக்காரர்கள். விரிப்பு எவ்வளவு நல்லதானாலும், அதற்குக் கீழே அசையாத நிலம் வேண்டும். பொந்து விழுந்த சுண்ணாம்புக்கல் திடீரென்று உள்வாங்கக் கூடியது. உலகமெங்கும் இப்படி நிலம் விழுந்திருக்கிறது. அதே வட்டாரத்தில் கல் உடைக்க வெடியும் வைக்கிறார்கள். விரிப்பு ஓரிடத்தில் கிழிந்தால் போதும். அழுகிய குப்பையின் சாறு, பற்றரி, மருந்து, சாயம், பார உலோகம் எல்லாம் கரைந்த கறுப்புச் சாறு, கல்லுக்குள் இறங்கும். எங்கே வெளிவரும், எந்தக் குழாய்க் கிணற்றுக்குப் போகும், களப்பின் எந்த மூலையில் ஊறும் என்று கணிக்கவே கடினம். வந்த பிறகு திருப்பி அனுப்புவதற்கு வழியில்லை. இறாலும் மீனும் குஞ்சு பொரிக்கும் களப்பு அது. குப்பை நூறு வருடத்துக்கும் அங்கேதான் இருக்கும். நூறு வருடம் கிழியாத விரிப்பு எது?

கொழும்புக் குப்பை எங்காவது போகத்தான் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். மீதொட்டமுல்லவில் செத்த குழந்தைகளும் நம் குழந்தைகளே. ஆனால் நாட்டில் குப்பை போடக் கூடாத நிலம் எது என்று ஒரு பட்டியல் எழுதினால், சுண்ணாம்புக்கல் நிலத்தை முதல் வரியில் எழுதுவேன். திட்டம் சில காலம் உறங்கும், பிறகு வேறொரு அமைச்சரின் மேசையில் விழித்தெழும். ஆகவே ‘அது நின்று போச்சு’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ரயில் தண்டவாளம் அங்கேதான் கிடக்கிறது.

கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள நுரைச்சோலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 900 மெகாவாற் லக்விஜய அனல் மின்நிலையம் 2011இல் இயங்கத் தொடங்கியது. நிலக்கரி எரிந்த சாம்பல் கரையோர மணலின் மேல் குவிகிறது. காற்றில் பறக்கும் சாம்பலைப் பற்றி அயலவர்கள் வருடக்கணக்கில் முறையிடுகிறார்கள். கீழே இறங்குவதைப் பற்றிப் பேச்சே குறைவு. சாம்பல் மேட்டைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் வேண்டும், அவற்றின் பரிசோதனை முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஊர் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இறால் பண்ணைகளும் அப்படியே. 1980களிலிருந்து சிலாபம் தொடக்கம் புத்தளம் வரை வெட்டிய குளங்கள் உப்பு நீரை உள்நிலத்துக்குக் கொண்டுவந்தன. வெண்புள்ளி நோய் வந்து பலர் கைவிட்ட குளங்கள் இன்றும் உவராகக் கிடக்கின்றன.

இன்னொரு ஆபத்தை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை: கைவிட்ட கிணறும் குழாய்க் கிணறும். உவர்த்துப்போன கிணற்றை என்ன செய்கிறோம்? குப்பைக்கிடங்கு ஆக்குகிறோம். பழைய பூச்சிமருந்துப் போத்தல், செத்த ஆடு, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் போட்டு மூடுகிறோம். அது நிலத்தடி நீருக்குள் நேராகத் திறந்த வாசல். கைவிட்ட குழாய்க் கிணறு அதைவிட மோசம். வண்ணாத்திவில்லுப் பக்கம் ஆழத்து நல்ல தண்ணீரையும் மேலே உள்ள உவர் அல்லது அழுக்குத் தண்ணீரையும் பிரித்து வைத்திருப்பது நடுவிலுள்ள களிமண்ணும் இறுகிய படையும். துருப்பிடித்த குழாய் ஒன்று அந்தப் படையைக் குத்திக்கொண்டு நின்றால், பூமி கோடி வருடமாக மூடி வைத்ததை நாம் ஒரே துளையில் திறந்துவிட்டோம் என்று அர்த்தம். கைவிடும் குழாய்க் கிணற்றைச் சீமெந்துக் கலவை இறக்கி அடியிலிருந்து மேல்வரை அடைக்க வேண்டும். வாயில் ஒரு கல்லை வைத்து மூடுவது அடைப்பதாகாது.

தோட்டக்காரர்களே, உரத்தை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். சிறிது சிறிதாக, பயிர் கேட்கும் நாளில், கேட்கும் அளவுக்குப் போடுங்கள். உரமிட்ட கையோடு தூவலை மணிக்கணக்கில் ஓட விடாதீர்கள். அன்று நீங்கள் பாய்ச்சுவது பயிருக்கல்ல, கிணற்றுக்கு. தென்னோலைத் தூள், எரு, கூட்டெரு எதுவானாலும் மணலில் சேர்த்து வாருங்கள், அது உரத்தைப் பிடித்து வைக்கும். எருவும் அளவோடுதான், அதிலும் நைதரசன் உண்டு. கனமழை வரப் போகிறது என்று தெரிந்த வாரம் யூரியா மூடையை அவிழ்க்கவே வேண்டாம். பெரிய பம்பியால் ஒரு மணித்தியாலம் வேகமாக இறைப்பதைவிட, சிறிய பம்பியால் மெதுவாக, இடைவெளி விட்டு இறைப்பது கிணற்றைக் காக்கும். தண்ணீர் உவர்க்கத் தொடங்கினால் பம்பியை நிறுத்தி, கிணற்றுக்கு நாள் கொடுங்கள்.

வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். இந்த மாரிக்கு முன் கூரைக்கு ஒரு பீலியும் ஒரு தாங்கியும் ஒழுங்கு பண்ணுங்கள். முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே ஓட விட்டு, கூரையைக் கழுவிய பின்னர் வரும் தண்ணீரைப் பிடியுங்கள். அந்த மழைத் தண்ணீரில் உரமும் இல்லை, உப்பும் இல்லை; கொதிக்க வைத்தால் கிருமியும் சாகும். குழந்தையின் பால்மாவுக்கும் குடிப்பதற்கும் மட்டுமாவது அதை வையுங்கள். எதிர்ச்சவ்வூடுபரவல் முறையில், ஊரில் ஆர்.ஓ. என்று சொல்லும் இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீர் நைத்திரேற்றைக் குறைக்கும். ஆனால் அந்த இயந்திரத்தின் சவ்வு மாற்றி எவ்வளவு காலமாகிறது என்று கேட்காமல் கேனை நீட்டாதீர்கள். அது கழிக்கும் செறிந்த உப்புத் தண்ணீரை அடுத்த வளவுக்குள் விடுகிறார்களா என்றும் பாருங்கள்.

பிரதேச செயலகத்திலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் இருக்கும் பிரதிநிதிகளிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. கற்பிட்டியில் குடிநீருக்குப் பயன்படும் ஒவ்வொரு கிணற்றின் நைத்திரேற்று அளவும் வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று, எடுக்கப்படுமா? அறுவக்காட்டைச் சுற்றிய நிலத்தடி நீர்க் கண்காணிப்பு முடிவுகள் எங்கே? அந்தச் சுண்ணாம்புக்கல்லில் சாயம் விட்டு நீரோட்டப் பரிசோதனை செய்தார்களா? செய்திருந்தால் சாயம் எங்கே வெளிவந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இலிருந்து நம் கையில் இருக்கிறது. நீர்வளச் சபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம், அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.

அதற்கெல்லாம் காத்திருக்காமல் இந்த வாரமே செய்யக் கூடியது ஒன்று. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அல்லது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தில், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். நைத்திரேற்று, குளோரைட், மின்கடத்துதிறன், மலக்கிருமி என்ற நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘தண்ணி நல்லமா’ என்று மட்டும் கேட்டால் நைத்திரேற்று விடுபட்டுப் போகக் கூடும். கிருமிப் பரிசோதனைக்கான போத்தலை ஆய்வுகூடத்திலிருந்தே வாங்குங்கள், கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். நைத்திரேற்றுக்குச் சுத்தமான போத்தல் போதும். அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி, கழுத்து வரை நிரப்பி, மூடி, வெயில் படாமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். போத்தலின் மேல் கிணற்றின் ஆழத்தையும், கடைசியாக உரம் போட்ட திகதியையும், அருகிலுள்ள மலக்குழி எத்தனை அடி தூரத்தில் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். முடிவு வந்ததும் பக்கத்து வீட்டு உம்மாவுக்கும் அக்காவுக்கும் காட்டுங்கள். அவர்களும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.